ஸ்பேஸ் 1999: சுற்றுப்பாதையை விட்டோடிய சந்திரனின் இயற்பியல்

'ஸ்பேஸ்: 1999' பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் 1975 செப்டம்பரில் தொடங்கி 1977 வரை ஒளிபரப்பான அறிவியல் புனைவுத் தொடர். பத்தாண்டுக்கு முன்பே 'தண்டர்பேர்ட்ஸ்' என்ற பொம்மைத் தொடரால் பெயர் பெற்றிருந்த ஜெரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் தம்பதியின் படைப்பு இது. லூ கிரேடின் ஐடிசி நிறுவனம் பணம் போட்டது. முதல் பருவத்தில் இத்தாலியின் ராய் தொலைக்காட்சியும் பங்குகொண்டது. லண்டனுக்கு மேற்கேயுள்ள பைன்வுட் படப்பிடிப்பு வளாகத்தில், பருவத்துக்கு 24 என மொத்தம் 48 பகுதிகள் எடுக்கப்பட்டன. அதுவரை வந்த பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர்களில் அதிகம் செலவு பிடித்தது இதுதான். அன்று பள்ளி மாணவர்களாக இருந்து இதைப் பார்த்தவர்களுக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. அவர்களில் பலர் துலக்கிப் புதுப்பிக்கப்பட்ட பதிப்புகளில் தொடரை மறுபடி பார்க்கிறார்கள். அப்படிப் பார்ப்பவர்களுக்கு எழும் முதல் கேள்வி கதையைப் பற்றியதாக இருப்பதில்லை, இயற்பியலைப் பற்றியதாக இருக்கிறது. அந்த வயதில் அப்படியே நம்பிய அந்தச் சம்பவம் நடக்கக்கூடியதுதானா?

சம்பவம் இதுதான். 1999ஆம் ஆண்டில் சந்திரனின் பிளேட்டோ பள்ளத்தில் 'மூன்பேஸ் ஆல்ஃபா' என்ற தளம் இயங்குகிறது. அங்கே 311 பேர் இருக்கிறார்கள். மார்ட்டின் லாண்டோ நடித்த ஜான் கோனிக் தளபதி, பார்பரா பெய்ன் நடித்த ஹெலனா ரஸ்ஸல் மருத்துவர், பேரி மோர்ஸ் நடித்த விக்டர் பெர்க்மன் மூத்த விஞ்ஞானி. பூமியின் அணுக்கழிவு சந்திரனின் மறுபக்கத்தில் கொட்டி வைக்கப்பட்டிருக்கிறது. செப்டம்பர் 13 அன்று அது வெடிக்கிறது. வெடிப்பின் விசை சந்திரனைச் சுற்றுப்பாதையிலிருந்து பெயர்த்து, சூரிய மண்டலத்துக்கே வெளியே அனுப்பிவிடுகிறது. அதன்பின் வாரம் ஒரு புதிய கிரகம், புதிய ஆபத்து.

பிளேட்டோ பள்ளம் கற்பனை இடமன்று. 'மழைக் கடல்' எனப்படும் பெரிய கருஞ்சமவெளியின் வடக்கு ஓரத்தில் ஏறத்தாழ 100 கி.மீ. அகலத்தில் கிடக்கும் வட்டவடிவப் பள்ளம் அது. எரிமலைக் குழம்பு பரவி இறுகியதால் அதன் தரை கருமையாகத் தெரியும். நல்ல இருகண் தொலைநோக்கி இருந்தால் பூமியிலிருந்தே பார்த்துவிடலாம்.

இந்தக் கதைக்கரு பிறந்ததற்குக் காரணம் அறிவியல் ஆர்வத்தைவிட வணிகத் தேவைதான். ஆண்டர்சன் தம்பதியின் முந்தைய தொடரான 'யூஎஃப்ஓ'வுக்கு இரண்டாம் பருவம் எடுக்கும் திட்டம் இருந்தது. சந்திரத் தளம் அதற்கு மையமாக இருக்க வேண்டும் என்று ஆயத்த வேலைகளும் நடந்தன. அமெரிக்காவில் 'யூஎஃப்ஓ'வுக்கு வரவேற்பு சரிந்ததும் திட்டம் நின்றது. செய்த வேலை வீணாகாமலிருக்க அதைப் புதிய தொடராக மாற்றினார்கள். ஐடிசியின் நியூயார்க் அலுவலகம் கதை பூமியில் நடக்கவே கூடாது என்று விரும்பியது. பூமியில் கால்வைக்கவே முடியாத ஒரு நிலைமையை உண்டாக்க வேண்டியிருந்தது. அதற்கு எழுத்தாளர்கள் கண்டுபிடித்த வழி, சந்திரனையே கழற்றிவிடுவது.

கழற்றிவிட எவ்வளவு ஆற்றல் வேண்டும்?

சந்திரனின் நிறை 73.5 கோடி கோடி கோடி கிலோகிராம், அதாவது 735-ஐ எழுதி 20 சுழியங்களைச் சேர்த்தால் வரும் எண். பூமியிலிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில், வினாடிக்கு 1.02 கி.மீ. வேகத்தில் அது சுற்றுகிறது. அதே தொலைவில் பூமியின் ஈர்ப்பிலிருந்து தப்பிப்பதற்கான விடுபடு வேகம் வினாடிக்கு 1.44 கி.மீ. வட்டப்பாதையில் சுற்றும் எந்தப் பொருளும் விடுபட வேண்டுமானால் அதன் வேகம் இரண்டின் வர்க்கமூலம் மடங்காக, அதாவது 1.414 மடங்காக, உயர வேண்டும் என்ற பாடநூல் விதியே இது. வேறுபாடு வினாடிக்கு 0.42 கி.மீ.தான். இந்தச் சிறிய எண்ணைப் பார்த்துவிட்டுக் கதை அவ்வளவு மோசமில்லை என்று நினைக்கத் தோன்றும்.

ஆற்றலைக் கணக்கிட்டால் அந்த எண்ணம் மாறிவிடும். விடுபட வேண்டுமானால் சந்திரனின் இயக்க ஆற்றல் இருமடங்காக வேண்டும். அதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது சுமார் 3.8 × 10²⁸ ஜூல். 38-க்குப் பின்னால் 27 சுழியங்கள். டிஎன்டி வெடிமருந்துக் கணக்கில் சொன்னால் 9 லட்சம் கோடி மெகாடன். 1961இல் சோவியத் ஒன்றியம் வெடித்துப் பார்த்த 'ட்சார்' குண்டு சுமார் 50 மெகாடன். மனிதர்கள் வெடித்தவற்றிலேயே பெரியது அதுதான். அந்த அளவில் 18,000 கோடி குண்டுகள் தேவை. 1980களின் நடுவில், பனிப்போரின் உச்சத்தில், உலகில் இருந்த மொத்த அணு ஆயுதங்கள் 70,000 அளவில்தான் இருந்தன.

அணுக்கழிவிலிருந்து இதைப் பெற முடியுமா என்று தனியாகக் கேட்க வேண்டும். ஒரு கிலோ யுரேனியம் முழுவதும் பிளந்தால் கிடைப்பது ஏறத்தாழ 80 லட்சம் கோடி ஜூல். அப்படிப் பார்த்தால் சந்திரனைக் கழற்ற 48,000 கோடி டன் யுரேனியம் கடைசி அணுவரை பிளந்தாக வேண்டும். அணுமின் நிலையங்கள் தொடங்கிய 1954 முதல் 2010களின் நடுப்பகுதிவரை உலகம் முழுவதும் உலைகளிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட எரிபொருள் சுமார் 4 லட்சம் டன். தேவை அதைப்போல 10 லட்சம் மடங்குக்கும் மேல். அந்த 4 லட்சம் டன்னிலும் பெரும்பகுதி எளிதில் பிளக்காத யுரேனியம் 238.

இந்த ஆற்றலை எங்கிருந்தோ கொண்டுவந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளலாம். அப்போதும் வெடிப்பு என்பது தள்ளுவதற்குத் தகாத வழி. ராக்கெட் எப்படி ஒருபுறம் வாயுவைப் பீய்ச்சி மறுபுறம் நகர்கிறதோ, அப்படியே சந்திரனும் ஒருபுறம் தன் பாறையை எறிந்தால்தான் மறுபுறம் நகரும். உந்தம் மாறாது என்ற விதிக்கு விலக்கு இல்லை. பாறைத் துண்டுகள் வினாடிக்கு 10 கி.மீ. வேகத்தில் பறப்பதாகக் கொண்டால், சந்திரனின் நிறையில் 4 சதவீதத்துக்கு மேல் பறந்தாக வேண்டும். அவ்வளவு பாறைக்கு அந்த வேகத்தைக் கொடுக்கத் தேவையான ஆற்றல் சுமார் 1.5 × 10²⁹ ஜூல். சந்திரனை மொத்தமாகத் தூள்தூளாக்கி, ஒவ்வொரு துகளையும் மற்றவற்றின் ஈர்ப்பிலிருந்து நிரந்தரமாகப் பிரித்துவிடப் போதுமான பிணைப்பாற்றல் சுமார் 1.2 × 10²⁹ ஜூல். அதாவது சந்திரனை நகர்த்தும் வெடிப்பு அதை உடைக்கும் வெடிப்பாகவும் இருக்கும். தொடர் வெளிவந்த 1975ஆம் ஆண்டிலேயே எழுத்தாளர் ஐசக் அசிமோவ் இதைச் சுட்டிக்காட்டினார். சந்திரனைப் பாதையிலிருந்து தள்ளும் அளவு வெடிப்பு அதைச் சிதறடித்துவிடும் என்றார். கணக்கு அவர் பக்கம்தான்.

இதெல்லாம் பூமியை விட்டு விலகுவதற்கு மட்டும். விலகிய சந்திரன் சூரியனைச் சுற்றும் ஒரு சிறு கிரகமாக மாறியிருக்கும். விண்மீன்களை நோக்கிப் போயிருக்காது. பூமியும் அதனுடன் சந்திரனும் சூரியனை வினாடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. வேகத்தில் சுற்றுகின்றன. இந்தத் தொலைவில் சூரியனின் பிடியிலிருந்து தப்பிக்க 42 கி.மீ. வேகம் தேவை. மீதி 12 கி.மீ.க்கும் சந்திரனைத் தள்ளுவதென்றால், அதற்கு ஏற்ற வேண்டிய இயக்க ஆற்றல் அதன் பிணைப்பாற்றலைப்போல 40 மடங்குக்கும் மேலாகிவிடும்.

திசையும் தவறு

கதையில் கழிவு இருந்தது சந்திரனின் மறுபக்கத்தில். மறுபக்கம் என்பது எப்போதும் பூமிக்கு முதுகு காட்டும் பக்கம். அங்கே வெடித்தால் பாறை பறப்பது பூமிக்கு எதிர்த்திசையில். சந்திரன் தள்ளப்படுவது பூமியை நோக்கி. இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை, ஆனால் தொடரின் முதல் பகுதியான 'பிரேக்அவே'யிலேயே மிகப் பெரிய நாடகம் இதற்குள் ஒளிந்திருக்கிறது.

பூமியை நோக்கி நேராக வினாடிக்கு 1.02 கி.மீ. வேகத்தில் ஓர் உதை விழுந்தால், சந்திரனின் பக்கவாட்டு வேகம் அப்படியே இருக்கும். இரண்டும் சேர்ந்து சரியாக விடுபடு வேகமாகும். அப்போது சந்திரன் பரவளையப் பாதையில் பூமியின் பக்கம் வளைந்து வந்து, இன்றைய தொலைவில் சரிபாதியான 1,92,000 கி.மீ.க்குள் நெருங்கி, அதன்பிறகே விலகிப் போகும். ஓத விசை தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவது. தொலைவு பாதியானால் ஓத விசை 8 மடங்கு. உலகின் கடற்கரை நகரங்கள் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்பதைத் தொடர் காட்டவில்லை. பூமியிலிருந்து வரும் செய்தியொன்றில் அமெரிக்காவிலும் யூகோஸ்லாவியாவிலும் தெற்கு பிரான்சிலும் நிலநடுக்கங்கள் என்று மட்டும் சொல்லப்படுகிறது. ஆபத்து நிலத்தைவிடக் கடலிலிருந்துதான் அதிகம் வந்திருக்கும்.

சந்திரன் போய்விட்ட பூமியில் ஓதம் அடியோடு நின்றுவிடாது. சூரியனும் ஓதத்தை எழுப்புகிறது. அதன் பங்கு சந்திரனுடையதில் 46 சதவீதம். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் இரண்டும் ஒன்றுகூடி எழுப்பும் ஓதத்தோடு ஒப்பிட்டால், சூரியன் தனியே எழுப்புவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கழிமுகங்களிலும் அலையிடைக் கரைகளிலும் வாழும் உயிர்கள்தான் முதலில் அடிபடும்.

நீண்டகால விளைவு அச்சுச் சாய்வில் தெரியும். பூமியின் அச்சு சுமார் 22.1 முதல் 24.5 பாகைக்குள் மெதுவாக ஆடுகிறது. பெரிய துணைக்கோள் ஒன்று பக்கத்தில் இருப்பது அந்த ஆட்டத்தை அடக்கிவைக்கிறது. பிரெஞ்சு வானியலாளர் ழாக் லஸ்கார் 1993இல் செய்த கணிப்பின்படி, சந்திரன் இல்லாவிட்டால் இந்தச் சாய்வு 0 முதல் 85 பாகைவரை தாறுமாறாக அலையக்கூடும். 2012இல் வந்த வேறு கணிப்புகள் ஆட்டம் அவ்வளவு பெரிதாக இராது, பல கோடி ஆண்டுகளுக்கு மிதமாகவே இருக்கும் என்றன. எப்படியானாலும் அது லட்சக்கணக்கான ஆண்டுகளில் நடக்கும் மாற்றம். தொடரின் பாத்திரங்களின் ஆயுளுக்குள் அடங்காது.

குப்பைத் தொட்டி வெடிக்குமா?

கதையின் எண்கள் பொய்த்தாலும் கதையின் கவலை பொய்யில்லை. 1970களில் அணுமின் நிலையங்கள் உலகெங்கும் வேகமாகப் பெருகின. கழிவை என்ன செய்வது என்பதற்கு யாரிடமும் முடிந்த முடிவு இல்லை. விண்வெளிக்கு ஏற்றி அனுப்பிவிடலாமா என்று நாசாவே அந்தப் பத்தாண்டில் ஆராய்ந்தது. செலவும், ஏவும்போது ராக்கெட் வெடித்தால் கழிவு வளிமண்டலத்தில் பரவிவிடும் என்ற அச்சமும் அந்த யோசனையை மேலே போகவிடவில்லை. ஆக, சந்திரனில் கழிவைக் குவிப்பது என்பது அன்றைய பார்வையாளருக்கு வெறும் கற்பனையாகத் தோன்றியிருக்காது.

பயன்படுத்தி முடித்த எரிபொருள் அணுகுண்டாக வெடிக்காது. அதில் பிளக்கக்கூடிய யுரேனியம் 235 ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவும், புளூட்டோனியம் சுமார் ஒரு சதவீதமாகவும் இருக்கும். குண்டு வெடிக்க வேண்டுமானால் செறிவூட்டிய பொருள் மாறுநிலை நிறைக்கு மேல், மைக்ரோவினாடிகளுக்குள், ஒன்றாக அழுத்தப்பட வேண்டும். சும்மா குவித்து வைத்தால் அதிகபட்சம் சூடாகும், உருகும், தொடர்வினை தொடங்கினாலும் தன்னைத்தானே கலைத்துக்கொள்ளும். ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஒக்லோ என்னும் இடத்தில் 1972இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது இதற்கு இயற்கையே தந்த சான்று. ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த யுரேனியத் தாதுவில் நிலத்தடி நீர் புகுந்து, தொடர்வினை தானாகவே தொடங்கியது. நீர் கொதித்து ஆவியானதும் வினை அடங்கும். மறுபடி நீர் ஊறியதும் தொடங்கும். இப்படி லட்சக்கணக்கான ஆண்டுகள் ஓடியும் அது வெடிக்கவில்லை.

ஆனால் கழிவுத் தொட்டி வேதிவினையால் வெடிக்க முடியும். உண்மையில் வெடித்தும் இருக்கிறது. 1957 செப்டம்பர் 29 அன்று யூரல் மலைப்பகுதியில் மாயக் என்ற சோவியத் அணு வளாகத்தில், திரவக் கழிவு இருந்த நிலத்தடித் தொட்டி ஒன்றின் குளிரூட்டும் அமைப்பு பழுதாயிற்று. கதிரியக்கச் சூட்டால் நீர் வற்றி, அடியில் தங்கிய நைட்ரேட், அசிட்டேட் உப்புகள் வெடித்துச் சிதறின. வெடிப்பின் வலிமை 70 முதல் 100 டன் டிஎன்டி அளவு. காற்று போன திசையில் நூற்றுக்கணக்கான கி.மீ. நீளத்துக்கு நிலம் கதிரியக்கத்தால் மாசுபட்டது; பல ஊர்கள் காலிசெய்யப்பட்டன. சோவியத் அரசு இதை மறைத்தே வைத்திருந்தது. நாட்டைவிட்டு வெளியேறிய உயிரியலாளர் ஷோரஸ் மெத்வெதேவ் 1976இல் 'நியூ சயின்டிஸ்ட்' இதழில் எழுதியபோதுதான் மேற்குலகம் பரவலாக அறிந்தது. அப்போது 'ஸ்பேஸ்: 1999' ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. சந்திரனை நகர்த்தத் தேவையான ஆற்றல் மாயக் வெடிப்பைப்போல 10¹⁷ மடங்கு. ஆனாலும் குளிரூட்டாமல் விட்ட கழிவு வெடிக்கும் என்ற அடிப்படைச் செய்தியில் தொடர் உண்மைக்குப் பக்கத்தில்தான் நின்றது. கழிவு மேட்டில் திடீரெனச் சூடு ஏறுவதுதான் 'பிரேக்அவே'யில் வரும் முதல் அறிகுறிகளில் ஒன்று. அதற்குக் காரணமாகக் கதை சொல்லும் 'காந்தக் கதிர்வீச்சு' என்பதற்கு மட்டும் இயற்பியலில் இடமில்லை.

இன்று உலகம் தேர்ந்திருக்கும் வழி ஆழ்நிலப் புதைப்பு. பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ தீவில், சுமார் 430 மீட்டர் ஆழத்தில், பழமையான கடினப் பாறைக்குள் செப்புக் கலன்களில் எரிபொருளை அடக்கம்செய்ய ஓங்காலோ என்ற சுரங்கம் தோண்டப்பட்டிருக்கிறது.

வாரம் ஒரு விண்மீன்

சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்ஸிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. 1977 செப்டம்பரில் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் வினாடிக்கு சுமார் 17 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் அவ்வளவு தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும். வாரம் ஒரு விண்மீன் என்றால் சந்திரன் ஒளியைவிட 220 மடங்கு வேகமாகப் போக வேண்டும்.

எழுத்தாளர்களுக்கு இது தெரியும். அதனால்தான் முதல் பருவத்தில் 'பிளாக் சன்' என்ற பகுதி வந்தது. சந்திரன் ஒரு கருஞ்சூரியனுக்குள், அதாவது கருந்துளைக்குள், விழுந்து, பேரண்டத்தின் வேறொரு மூலையில் வெளிவருகிறது. கருந்துளை என்ற கருத்து அன்று புத்தம் புதியது. சிக்னஸ் எக்ஸ்-1 கருந்துளையாக இருக்கலாம் என்ற எண்ணம் 1970களின் தொடக்கத்தில்தான் வலுப்பட்டது. கருந்துளை கதிர்வீசும் என்று ஸ்டீபன் ஹாக்கிங் சொன்னது 1974இல். அடுத்த ஆண்டே அதை வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது பாராட்டத்தக்க துணிவு. ஆயினும் சந்திரன் அதற்குள் முழுதாக நுழைந்திருக்க முடியாது. சூரியனைப்போல 10 மடங்கு நிறையுள்ள கருந்துளையின் நிகழ்வு எல்லை வெறும் 30 கி.மீ. ஆரம். ஆனால் ஓத விசை சந்திரனின் சொந்த ஈர்ப்பை வென்று அதைக் கிழிக்கத் தொடங்குவது சுமார் 14 லட்சம் கி.மீ. தொலைவிலேயே. எல்லையை அடையும்போது சந்திரன் என்று ஒன்று இருக்காது, நீண்ட பாறைத் தாரைதான் இருக்கும். இத்தனை இருந்தும், சாவை எதிர்நோக்கிக் கோனிக்கும் பெர்க்மனும் அமைதியாகப் பேசிக்கொண்டிருக்கும் அந்தப் பகுதி தொடரின் சிறந்த பகுதிகளில் ஒன்று.

முதல் பருவத்தின் இன்னொரு பகுதி 'வாயேஜர்ஸ் ரிட்டர்ன்'. 1985இல் பூமியிலிருந்து ஏவப்பட்ட வாயேஜர் ஒன் என்ற ஆய்வுக்கலம் விண்வெளியில் எதிர்ப்படுகிறது. அதன் எஞ்சின் வேகநியூட்ரான்களைக் கக்கி வழியிலுள்ள உயிர்களையெல்லாம் கொல்கிறது. இதை எழுதியபோது நாசாவின் உண்மையான வாயேஜர்களுக்கு அந்தப் பெயரே இல்லை. 'மரினர் ஜூபிடர்-சாட்டர்ன்' என்றுதான் அழைக்கப்பட்டன. பெயர் மாறியது 1977இல். உண்மையான வாயேஜரில் இருப்பது புளூட்டோனியம் 238-இன் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் அமைதியான ஒரு கருவி. அதன் வேகம் பெரும்பாலும் வியாழன், சனியின் ஈர்ப்பிலிருந்து கடன்வாங்கியது.

ஒரு விஷயத்தில் தொடர் காலத்தை முந்தியது. தாய் விண்மீனைப் பிரிந்து தனியே அலையும் உலகங்கள் உண்டு என்பது இன்று நிறுவப்பட்ட செய்தி. பின்னணி விண்மீனின் ஒளியை அவற்றின் ஈர்ப்பு சற்று நேரம் குவித்துக் காட்டுவதை வைத்து வானியலாளர்கள் அவற்றைக் கண்டுபிடிக்கிறார்கள். அவை வெடிப்பால் வெளியேறியவை அல்ல. இளம் கிரக மண்டலங்களில் வியாழனைப் போன்ற பெருங்கோள்களின் அருகே சென்று, அவற்றின் ஈர்ப்பால் வீசி எறியப்பட்டவை என்றே பெரும்பாலும் கருதப்படுகின்றன. 2017 அக்டோபரில் ஹவாயின் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி கண்ட 'ஓமுவாமுவா', வேறொரு விண்மீனிலிருந்து வந்து சூரிய மண்டலத்தைக் கடந்துபோன முதல் பொருளாக அறியப்பட்டது. 2019இல் போரிசோவ் வால்மீன், 2025இல் 3ஐ/அட்லஸ் என இன்னும் இரண்டு வந்துவிட்டன.

ஆல்ஃபாவில் உயிர்வாழ்தல்

சூரியனைப் பிரிந்த சந்திரனில் 311 பேர் பிழைக்க முடியுமா என்பது கதைக்கருவைவிட நல்ல கேள்வி. இதற்கு வரும் விடையும் அவ்வளவு அவநம்பிக்கை தருவதில்லை.

இப்போது சந்திரனின் நடுக்கோட்டில் பகலில் 120 டிகிரி செல்சியஸ் வெப்பம், இரவில் மைனஸ் 130. சூரியன் இல்லாமல் போனால் தரையை வெதுவெதுப்பாக்க மிஞ்சுவது உள்ளிருந்து கசியும் சூடு மட்டுமே. அப்பல்லோ 15, 17 பயணங்களில் துளையிட்டு அளந்தபடி அது சதுர மீட்டருக்கு 0.02 வாட்டை ஒட்டியது. அதை வைத்துக் கணக்கிட்டால் தரையின் வெப்பநிலை மைனஸ் 249 டிகிரியில் போய் நிற்கும். ஆனால் சந்திரனின் தூசிமண் வெப்பத்தைக் கடத்துவதில் மிக மோசமானது. 2023 ஆகஸ்டில் தரையிறங்கிய சந்திரயான்-3இன் வெப்பமானி, மேற்பரப்பில் 50 டிகிரிக்கு மேல் இருந்தபோது 8 செ.மீ. ஆழத்திலேயே மைனஸ் 10 டிகிரியைக் காட்டியது. இந்த மண்ணே நல்ல போர்வை. விண்கதிர்களுக்கும் அதுவே காப்பு. சீனாவின் சாங்'இ-4 கலம் சந்திரத் தரையில் அளந்த கதிர்வீச்சு நாளொன்றுக்கு 1.4 மில்லிசீவர்ட்டை ஒட்டியது. சூரியக் காற்றின் அரணுக்கு வெளியே அது இன்னும் கூடும். முதல் பருவத்தில் பெரிய சன்னல்களுடன் தரைமேல் இருந்த கட்டளைக் கூடம் இரண்டாம் பருவத்தில் நிலத்தடி அறையாக மாறியது. அது சரியான பொறியியல்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு 0.84 கிலோ ஆக்சிஜன் வேண்டும். 311 பேருக்கு ஆண்டுக்கு சுமார் 95 டன். சந்திரப் பாறையின் நிறையில் 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன்தான், உலோகங்களோடு பிணைந்து கிடக்கிறது. பிரித்தெடுக்க மின்சாரம் இருந்தால் போதும். நீரைப் பொறுத்தவரை பன்னாட்டு விண்வெளி நிலையம் 2023இல் 98 சதவீத மறுசுழற்சியை எட்டிவிட்டது. இழப்பை ஈடுகட்ட துருவப் பள்ளங்களின் பனி உண்டு. சந்திர மண்ணில் நீரின் தடயம் பரவியிருப்பதை 2009இல் உறுதிசெய்தது சந்திரயான்-1இல் பறந்த கருவி. இன்று பல நாடுகளும் தென்துருவத்தைக் குறிவைப்பதற்கு அந்தப் பனியே காரணம். பிளேட்டோ பள்ளத்தை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை.

ஈர்ப்பு விசைதான் தொடர் சமாளிக்காத இடம். சந்திரனில் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு. வெளியே நடப்பவர்கள் மெதுவாக மிதந்து நடக்கிறார்கள். உள்ளே வந்ததும் லண்டன் தெருவில் நடப்பதுபோல் நடக்கிறார்கள். செயற்கை ஈர்ப்பு என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் சுழற்றுவதும் முடுக்குவதும் தவிர வேறு வழியில் ஈர்ப்பை உண்டாக்க இயற்பியல் எதையும் அறியவில்லை.

ஈகிள்

இந்தத் தொடரில் இன்றும் மெருகு குலையாமல் நிற்பது ஈகிள் என்ற விண்கலம். அதை வடிவமைத்த சிறப்புக்காட்சி இயக்குநர் பிரையன் ஜான்சன் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் வேலை செய்தவர், பின்னர் 'ஏலியன்', 'தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்' படங்களுக்காக ஆஸ்கர் பெற்றவர். ஈகிளுக்குக் கூர்மூக்கும் இறக்கையும் கிடையாது. காற்றில்லாத இடத்தில் பறப்பதற்கு அவை தேவையில்லை. திறந்த குழாய்ச் சட்டகம், முன்னே ஓட்டும் அறை, பின்னே எஞ்சின்கள், நடுவே கழற்றி மாட்டக்கூடிய பெட்டி: பயணிகள், சரக்கு, மருத்துவம் என வேலைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். எதற்காக இந்த உறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் விடை சொல்ல முடிகிற கலம் அது.

அதைப் படம்பிடித்த முறைக்குள்ளும் இயற்பியல் இருக்கிறது. மிகப் பெரிய மாதிரி 112 செ.மீ. நீளம், கற்பனைக் கலத்தின் 24இல் ஒரு பங்கு. சிறிய மாதிரி விழும் தூரம் குறைவு என்பதால் சட்டென்று விழுந்துவிடும். பார்வையாளர் கண்ணுக்கு அது பொம்மை என்று காட்டிக்கொடுப்பது அதுதான். விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 24இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 4.9. ஆகவே வினாடிக்கு 24 படங்களுக்குப் பதிலாக 118 படங்கள் எடுத்து, வழக்கமான வேகத்தில் ஓட்டினால் பொம்மை பல டன் எடையுள்ள கலமாகத் தெரியும். சந்திரனின் குறைந்த ஈர்ப்பையும் கணக்கில் சேர்த்தால் ஆறின் வர்க்கமூலத்தால், அதாவது 2.45ஆல், இன்னும் பெருக்க வேண்டும். வினாடிக்கு 290 படங்களை நெருங்கும். விண்வெளி உடையணிந்த நடிகர்களின் நடையைத் தாமதப்படுத்த வேண்டிய அளவும் அதே 2.45தான். குறைந்த ஈர்ப்பில் மனிதர் அசையும் விதத்தைச் சரியாகக் காட்டியதற்காகக் கண்டிப்பான அசிமோவே தொடரைப் பாராட்டினார். விண்வெளிக் காட்சிகளில் பலவற்றை ஒரே படச்சுருளைத் திரும்பத் திரும்பச் சுற்றி, விண்மீன், கலம், கிரகம் என ஒவ்வொன்றாக அதே சட்டத்தில் பதித்தார்கள். பிரதி எடுப்பதால் வரும் தரக்குறைவு அதில் இல்லை. ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் அந்தக் காட்சிகள் கூர்மையாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இரண்டாம் பருவத்தை விரைவாகக் கடந்துவிடலாம். அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃப்ரெட் ஃப்ரைபெர்கர் வந்தார், பேரி மோர்ஸ் போனார், கேத்தரின் ஷெல் நடித்த மாயா என்ற உருமாறும் பெண் சேர்ந்தாள். அவள் சிறு உயிராக மாறும்போது குறையும் 50 கிலோ நிறை எங்கே போகிறது என்பதற்கு விடை இல்லை. அது ஆற்றலாக மாறினால் 1,000 மெகாடனுக்கு மேல் வெடிக்கும். வேகம் கூடியது, அரக்கர்கள் பெருகினார்கள், முதல் பருவத்தின் அமைதியும் அச்சமும் காணாமல் போயின.

புதிதாகப் பார்க்க விரும்புவோருக்கு முதல் பருவமே போதும். 'பிரேக்அவே', 'பிளாக் சன்', குழந்தைகளைப் பல இரவு தூங்கவிடாத 'டிராகன்ஸ் டொமைன்' ஆகிய மூன்றிலிருந்து தொடங்கலாம். இயற்பியல் ஆசிரியர்களுக்கு 'பிரேக்அவே' ஓர் ஆயத்தப் பாடம். மேல்நிலை முதலாண்டுப் பாடநூலில் உள்ள விடுபடு வேகச் சமன்பாடும் உந்த மாறா விதியும் கையில் இருந்தால், இந்தக் கட்டுரையில் வந்த பெரும்பாலான எண்களை மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுச் சரிபார்த்துவிடலாம்.